வீடு மாறிய பின் உண்ண மறுத்த பூனை: கொழுப்புக் கல்லீரல் நோய் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையின் தென் புறநகரில் பூனைகளை மட்டும் பார்க்கும் எங்கள் மருத்துவமனைக்குச் சில ஆண்டுகளாக வந்துகொண்டிருந்த ஒரு குடும்பத்தின் பூனை இது. ஏழு வயதான, கருத்தடை செய்யப்பட்ட, செம்மஞ்சள் நிற ஆண் நாட்டுப் பூனை. குட்டியாக இருந்தபோது தெருவிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்டது. அதன்பின் தடுப்பூசிக்கு வந்ததைத் தவிர வீட்டை விட்டு வெளியே சென்றதில்லை. வீட்டில் பாட்டி, அவருடைய மகன், மருமகள், பிளஸ் ஒன் படிக்கும் பேத்தி ஆகிய நால்வர். சைவக் குடும்பம் என்பதால் பூனைக்கென்று மீனோ கறியோ சமைப்பதில்லை. கடையில் வாங்கும் உலர் தீவனமே அதன் உணவு. அது ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் நாள் முழுவதும் நிரம்பியே இருக்கும். முந்தைய ஆண்டு தடுப்பூசிக்கு வந்தபோது அதன் எடை 7.2 கிலோ. நாட்டுப் பூனைக்கு இது மிக அதிகம். விலா எலும்புகளை விரல்களால் அழுத்தித் தேடித்தான் உணர முடிந்தது என்று அன்றைய குறிப்பு சொல்கிறது.

குடும்பம் தனி வீட்டிலிருந்து அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாறியது. சாமான்கள் ஏற்றி இறக்கப்பட்ட நாளில் பூனை முழுவதும் குளியலறையில் அடைக்கப்பட்டிருந்தது. புது வீட்டில் திறந்துவிட்டதும் கட்டிலுக்கு அடியில் சென்று ஒடுங்கிக்கொண்டது. அதே வாரத்தில் வேறு இரண்டு மாற்றங்களும் நேர்ந்தன. வழக்கமாக வாங்கும் தீவனம் புதிய பகுதிக் கடையில் கிடைக்காததால் வேறொன்று வாங்கப்பட்டது. பழைய மணல் தட்டு சாமான்களோடு உடைந்துவிட்டதால் மூடியுள்ள புதிய தட்டு ஒன்று வந்தது. ஒரு பூனை தன் இடத்தை அடையாளம் காண நம்பியிருக்கும் வாசனைகள் எல்லாமே ஒரே வாரத்தில் அதனிடமிருந்து போய்விட்டன.

முதல் இரண்டு மூன்று நாட்கள் இரவில் யாரும் இல்லாதபோது சில உருண்டைகளைத் தின்றிருக்கிறது. அதன்பின் ஒன்றுமில்லை. பூனை கோபித்துக்கொண்டிருக்கிறது என்று வீட்டார் எடுத்துக்கொண்டார்கள். பாட்டி பின்னர் சொன்னது இது: “கோவிச்சுக்கிட்டு ஒளிஞ்சிருக்கான்னுதான் நெனச்சோம் டாக்டர். பசி வந்தா தானா வந்து சாப்பிடுவான்னு விட்டுட்டோம்.” ஐந்தாம் நாள் மருந்துக் கடையில் கேட்டு, குழந்தைகளுக்குப் பசி எடுக்கத் தரும் சிரப் ஒன்றைச் சில வேளைகள் கொடுத்தார்கள். ஏழாம் நாள் கண்ணின் வெள்ளையில் மஞ்சள் தெரிந்தது. மஞ்சள் காமாலைக்குத் தமிழ் வீடுகளில் வழிவழியாகச் செய்வதையே அவர்களும் செய்தார்கள்: கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து, ஒருவர் பிடித்துக்கொள்ள மற்றொருவர் வாயில் ஊற்றினார். சோற்றையும் கரைத்து சிரிஞ்சு வழியாகப் புகட்ட முயன்றார்கள். அன்பின்றி எவரும் இவ்வளவு பாடுபட மாட்டார்கள். இந்த ஆய்வைப் படிப்போர் இதை மறந்துவிடக் கூடாது. வீடு மாறிய ஒன்பதாம் நாள் காலையில் பூனையை எங்களிடம் கொண்டுவந்தார்கள்.

வருகையின்போது கண்டவை

எங்கள் காத்திருப்பு அறையில் பூனைகளைக் கொண்டுவரும் பெட்டிகளைத் தரையில் வைக்க விடுவதில்லை. இடுப்பளவு உயரத்தில் பலகைகள் உண்டு. ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒரு துண்டைப் போர்த்திவிடுவோம். பயந்த பூனை ஒன்று மற்றொன்றின் முகத்தைப் பார்க்காதவரை பாதி வேலை எளிதாகிவிடுகிறது. பொதுவாக இந்தப் பூனை துண்டை விலக்கியவுடன் சீறும் இயல்புடையது என்று அதன் அட்டையில் குறித்திருந்தோம். அன்று சீறவில்லை. பெட்டியின் மேல் மூடியைக் கழற்றிவிட்டு, அடித்தட்டில் கிடந்தபடியே பரிசோதித்தோம்.

எடை 5.4 கிலோ. ஓராண்டுக்கு முந்தைய எடையில் நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஆனால் தொட்டுப் பார்த்தால் அடிவயிற்றுக் கொழுப்பு அப்படியே தொங்கியது. முதுகுத்தண்டின் இருபுறமும் தொடையிலும்தான் தசை வற்றியிருந்தது. காதின் உட்புறத் தோல், அண்ணம், ஈறு மூன்றும் மஞ்சள். வாயோரத்தில் எச்சில் வடிந்து மோவாய் மயிர் ஒட்டிக்கிடந்தது. தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகவே படிந்தது. எங்களை மிகவும் கவலைப்படுத்தியது கழுத்து. தலையை உயர்த்தி வைத்துக்கொள்ள முடியாமல் மோவாய் மார்பில் படிந்திருந்தது. கண்கள் மட்டும் மேல்நோக்கி எங்களைப் பார்த்தன. பொட்டாசியம், பாஸ்பரஸ், தயமின் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று மிகவும் குறையும்போது பூனைகளில் காணப்படும் நிலை அது.

இரத்தப் பரிசோதனையில், மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பித்த நிறமியான பிலிருபின் டெசிலிட்டருக்கு 7.8 மில்லிகிராம், நலமாயிருக்கும் பூனையில் இது அரை மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. கல்லீரல் நொதிகளில் ஏ.எல்.பி. பல மடங்கு ஏறியிருக்க, ஜி.ஜி.டி. இயல்பான அளவிலேயே இருந்தது. பித்தநாள நோய்களில் பொதுவாக இவ்விரண்டும் சேர்ந்தே ஏறும்; ஒன்று மட்டும் ஏறியிருப்பது கொழுப்புக் கல்லீரலை நோக்கிக் கைகாட்டுகிறது. பொட்டாசியம் 2.9 ஆகக் குறைந்திருந்தது. பாஸ்பரஸ் இயல்பின் கீழ் எல்லையில் இருந்தது. இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் இரத்தச் செல் அளவு 30 விழுக்காடு. பூனை லுக்கீமியா, பூனை எய்ட்ஸ் வைரஸ்களுக்கான சோதனை எதிர்மறை. வயிற்று ஸ்கேனில் கல்லீரல் பெருத்து, சீராக வெளுத்துத் தெரிந்தது. பித்தப்பையிலோ கணையத்திலோ அடைப்புக்கான அடையாளம் இல்லை.

பூனையின் உடல் பட்டினியைத் தாங்கும் முறை நாயிலிருந்தும் மனிதரிலிருந்தும் வேறுபட்டது. பூனை முழுமையான ஊன் உண்ணி. உணவு நின்றாலும் அதன் கல்லீரல் புரதத்தைச் சிதைக்கும் வேலையைக் குறைத்துக்கொள்வதில்லை. ஆகவே தசை விரைவாகக் கரைகிறது. அதே நேரத்தில் உடலில் சேர்ந்த கொழுப்பு வெள்ளம்போல் கல்லீரலுக்கு வந்து சேர்கிறது. வந்த கொழுப்பை எரிக்கவோ, புரதத்தோடு பிணைத்து இரத்தத்துக்கு ஏற்றுமதி செய்யவோ தேவையான பொருள்கள் உணவிலிருந்து வர வேண்டியவை. அவை வராததால் கொழுப்பு கல்லீரல் செல்களிலேயே தங்கி, செல்கள் வீங்கி, பித்தம் வடியும் நுண்குழல்கள் நசுங்குகின்றன. மஞ்சள் அதனால் வருகிறது. பருத்த பூனைக்கே இந்த ஆபத்து அதிகம். கொழுத்திருக்கிறதே, நான்கு நாள் பட்டினி கிடந்தால் நல்லதுதான் என்று நினைப்போர் பலர். பூனையின் விஷயத்தில் அது உயிருக்கே உலை வைக்கும் எண்ணம்.

முதல் நாளின் முடிவுகளும் காரணங்களும்

இந்த நோய்க்கு மருந்து உணவுதான். மற்ற எல்லாச் சிகிச்சையும் அந்த உணவைப் பூனையின் வயிற்றில் சேர்த்து, அங்கே தங்கவைப்பதற்கான ஏற்பாடுகளே. வெறும் டிரிப்ஸ் ஏற்றிவிட்டுப் பசி திரும்புமெனக் காத்திருந்தால் பெரும்பாலான பூனைகள் இறந்துவிடுகின்றன. டியூப் வழியாகப் போதிய ஊட்டம் கிடைத்தால் பெரும்பான்மை மீள்கின்றன. இதைக் குடும்பத்திடம் முதல் அரை மணி நேரத்திலேயே சொன்னோம். பல வாரங்கள் டியூப் வழியாக உணவு கொடுக்க வேண்டியிருக்கும், அதில் பெரும்பகுதி வீட்டில் நடக்கும், செலவு இவ்வளவு வரை ஆகலாம், இத்தனையும் செய்து இழக்கவும் நேரலாம் என்பதை எழுதிக்கொடுத்தோம். வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வாய்ப்பையும் சொன்னோம். மகன் செலவைப் பற்றிக் கேட்டார்; மருமகள் வலி இருக்குமா என்று கேட்டார்; பேத்தி யார் உணவு கொடுப்பது என்பதை மட்டும் கேட்டு, தானே கொடுப்பதாகச் சொன்னாள். எங்களிடமே சேர்க்க முடிவு செய்தார்கள்.

பாட்டியின் கவலை வேறாக இருந்தது. “கீழாநெல்லி குடுத்ததால இப்படி ஆச்சா டாக்டர்?” என்று கேட்டார். “செடியைப் பத்தி இப்ப யோசிக்காதீங்கம்மா, நீங்க குடுக்கறதுக்கு முன்னாடியே மஞ்சள் வந்தாச்சு. இனிமே வாயில மட்டும் எதையும் ஊத்த வேண்டாம்” என்று சொன்னோம். மஞ்சள் காமாலை பல நோய்களின் அடையாளம். அந்தப் பொதுவான அடையாளத்துக்கு மருந்து தேடுவதில் நாட்கள் போய்விடுகின்றன என்பது ஒருபுறம். வலுக்கட்டாயமாகப் புகட்டுவதில் மற்றொரு கேடு உண்டு. குமட்டலோடு இருக்கும் பூனை அப்போது எதைப் புகட்டினாலும் அதன் மணத்தைக் குமட்டலோடு பிணைத்துக்கொள்கிறது. உடல் தேறிய பின்னும் அந்த உணவை வாரக்கணக்கில் வெறுக்கிறது. புரையேறி நுரையீரலுக்குச் செல்லும் அபாயமும் இருக்கிறது. எனவே வாய் வழியாக எதுவும் கொடுப்பதை உடனே நிறுத்தினோம். எங்கள் பணியாளர்களும் உணவுக் கிண்ணத்தைக் கூண்டுக்குள் வைத்து ஆசை காட்டக் கூடாது என்று பலகையில் எழுதினோம்.

டிரிப்ஸுக்குச் சாதாரண உப்பு நீரைத் தேர்ந்தெடுத்து அதில் பொட்டாசியம் சேர்த்தோம். குளுக்கோஸ் சேர்க்கவில்லை. சாப்பிடாத உயிருக்குக் குளுக்கோஸ் ஏற்றுவதே முறை என்று குடும்பத்தினர் எதிர்பார்த்தார்கள். ஆனால் இந்த நோயில் அது கல்லீரலில் கொழுப்பு சேர்வதைக் கூட்டி, பொட்டாசியத்தை மேலும் இறக்கிவிடக்கூடும். குமட்டலுக்கு மாரோபிட்டன்ட், தயமின் உள்ள பி-காம்ப்ளெக்ஸ், பி12, வைட்டமின் கே ஆகியவற்றை ஊசியாகக் கொடுத்தோம். பித்தம் குடலுக்குச் சரிவர இறங்காதபோது வைட்டமின் கே உறிஞ்சப்படுவதில்லை. இரத்தம் உறையும் திறன் குறைந்திருக்கும். அந்த நிலையில் கழுத்தில் துளையிட்டு உணவு டியூப் பொருத்துவதும் கல்லீரலில் ஊசி போட்டுச் செல் எடுப்பதும் ஆபத்தானவை. பசி தூண்டும் மாத்திரைகளைக் கொடுக்கவில்லை. அவற்றில் பலவற்றைச் சிதைத்து வெளியேற்ற வேண்டியது பழுதுபட்டிருக்கும் அதே கல்லீரல்தான். பதற்றம் தணிக்கும் மருந்தான டயஸிபாமைப் பசி தூண்டியாக வாய்வழி கொடுக்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. பூனைகளில் அதுவே கல்லீரலை அழித்த நிகழ்வுகள் பதிவாகியிருப்பதால் எந்தப் பூனைக்கும் நாங்கள் அதைச் செய்வதில்லை.

பொட்டாசியம் இந்த அளவுக்குக் குறைந்திருக்கையில் மயக்க மருந்து கொடுத்துக் கழுத்து டியூப் பொருத்துவது சரியல்ல என்று முடிவு செய்தோம். அதுவரை பட்டினி போடவும் முடியாது. இடைக்கால ஏற்பாடாக, மூக்கில் மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை விட்டு மெல்லிய டியூப் ஒன்றை மூக்கு வழியாக உணவுக்குழாய்க்குள் செலுத்தி, எக்ஸ்ரேயில் இடத்தை உறுதிசெய்தோம். 5.4 கிலோ எடைக்கு ஓய்வுநிலையில் நாளொன்றுக்குச் சுமார் 250 கிலோகலோரி தேவை. அதில் கால் பங்கை மட்டும், பூனைகளுக்கான திரவ உணவாக, முதல் நாள் முழுவதற்கும் சிறிது சிறிதாகக் கொடுத்தோம்.

இரண்டாம் இரவும் மூன்றாம் நாளும்

இரண்டாம் நாள் மாலை பூனை சற்றுத் தெளிவாகத் தெரிந்தது. பொட்டாசியம் ஏறத் தொடங்கியிருந்தது. தலையை ஓரளவு தூக்கியது. உணவைப் பாதி அளவுக்கு உயர்த்தும் திட்டம் இருந்தது. அதற்கு முன் எடுத்த இரத்தத்தில் பாஸ்பரஸ் 1.4 ஆக இறங்கியிருந்தது.

நெடும் பட்டினிக்குப் பின் உணவு தொடங்கும்போது இன்சுலின் சுரந்து, குளுக்கோஸோடு சேர்த்துப் பாஸ்பரஸையும் பொட்டாசியத்தையும் செல்களுக்குள் இழுத்துக்கொள்கிறது. இரத்தத்தில் அவை திடீரெனக் குறைகின்றன. பாஸ்பரஸ் மிகவும் குறைந்தால் சிவப்பணுக்கள் தம் ஆற்றலை இழந்து உடைகின்றன. மனித மருத்துவத்திலும் நெடுநாள் பட்டினி கிடந்தவர்களிடம் அறியப்பட்ட ஆபத்து இது. உயிர் காக்கத் தொடங்கிய உணவே உயிரை வாங்கக்கூடிய கட்டம் அது என்பதால், முதல் சில நாட்களில் சிகிச்சையின் வேகத்தை உரிமையாளரின் ஆவலோ நமது ஆவலோ தீர்மானிக்க விடக் கூடாது.

உணவை உயர்த்தாமல் கால் பங்கிலேயே வைத்துக்கொண்டோம். முற்றிலும் நிறுத்துவதைப் பற்றியும் பேசினோம். ஆனால் நிறுத்தினால் நோயின் வேர் அப்படியே நிற்கும் என்பதால் அதைத் தவிர்த்தோம். பொட்டாசியம் பாஸ்பேட்டை உப்பு நீரில் கலந்து மெதுவாக ஏற்றினோம். அதிலேயே பொட்டாசியம் இருப்பதால் ஏற்கனவே சேர்த்துக்கொண்டிருந்த பொட்டாசியம் குளோரைடை அந்த அளவுக்குக் குறைத்தோம். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தம் பார்த்தோம். பூனையிடமிருந்து அடிக்கடி இரத்தம் எடுப்பதும் இரத்தச் சோகைக்கு வழிவகுக்கும் என்பதால் மிகச் சிறிய குழாய்களையே பயன்படுத்தினோம். நள்ளிரவில் இரத்தச் செல் அளவு 24 விழுக்காட்டுக்கு இறங்கியது. எங்கள் பணியாளர் ஒருவரின் வீட்டுப் பூனை இதற்கு முன் இரத்தம் கொடுத்தது. தேவைப்பட்டால் காலையில் அதைக் கொண்டுவரச் சொல்லி வைத்தோம். குடும்பத்துக்கும் அந்த இரவே தொலைபேசியில் நிலைமையைச் சொன்னோம். நல்ல செய்தி வரும்வரை காத்திருந்து சொல்வது நம்பிக்கையைக் காக்கும் வழி அல்ல.

மூன்றாம் நாள் நண்பகலில் பாஸ்பரஸ் 2.6, இரத்தச் செல் அளவு அதே 24இல் நின்றது. இரத்தம் ஏற்றத் தேவைப்படவில்லை.

கழுத்து டியூப்

நான்காம் நாள் பொட்டாசியம் இயல்புக்கு வந்திருந்தது, வைட்டமின் கே முழுவதும் கொடுக்கப்பட்டிருந்தது, இரத்தம் உறையும் நேரமும் சரியாக இருந்தது. குறைந்த அளவு மயக்க மருந்தில், கழுத்தின் இடப்புறம் சிறு துளையிட்டு உணவுக்குழாய்க்குள் டியூப் பொருத்தினோம். அதன் நுனி இதயத்துக்குப் பின்னால், இரைப்பைக்குள் நுழையாமல் நிற்பதை எக்ஸ்ரேயில் பார்த்தோம். இரைப்பை வாயைத் தாண்டி உள்ளே சென்றால் அமிலம் மேலேறி உணவுக்குழாயைப் புண்ணாக்கும். அதே மயக்கத்தில் மெல்லிய ஊசியால் கல்லீரலிலிருந்து செல்கள் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பார்த்தோம்: செல்களில் பெரும்பாலானவை கொழுப்புக் குமிழிகளால் நிரம்பி, அவற்றின் உட்கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருந்தது. நோய் உறுதியானது.

கழுத்தில் டியூப் என்றதும் உரிமையாளர்கள் அஞ்சுவது இயல்பு. மருமகள் அதைப் பார்த்ததும் அழுதுவிட்டார். ஆனால் மூக்கு டியூப் இருந்தபோது முகத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்த அந்தப் பூனை, கழுத்து டியூப் பொருத்திய மறுநாள் கூண்டின் மூலையில் அட்டைப் பெட்டிக்குள் படுத்து, முன்காலை நக்கிச் சுத்தம் செய்துகொண்டது. அனுமதிக்கப்பட்டதிலிருந்து அது தன்னைச் சுத்தம் செய்துகொண்டது அதுவே முதல் முறை. எங்கள் நோக்கில் எந்த இரத்தப் பரிசோதனைக்கும் குறையாத நற்குறி அது. அகலமான டியூப் என்பதால் திரவ உணவுக்குப் பதிலாக, நோயிலிருந்து மீளும் பூனைகளுக்கான கெட்டியான இறைச்சி உணவை வெந்நீரில் அடித்து, வடிகட்டிக் கொடுக்க முடிந்தது. புரதம் அதிகமுள்ள உணவே இங்கு வேண்டும். பூனையால் ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலத்தைத் தன் தேவைக்கு உருவாக்கிக்கொள்ள முடியாது. அது இல்லாமல் அம்மோனியாவை வெளியேற்றவும் முடியாது. மோர்ச் சோறும் பால் சாதமும் பூனைக்கு உணவாகாததன் காரணங்களில் இது ஒன்று.

ஏழாம் நாளில் முழு அளவு உணவை வாந்தியின்றி ஏற்றது. பிலிருபின் 4.1 ஆகக் குறைந்திருந்தது. எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம்.

வீட்டில்

அனுப்பும் முன் பேத்தியும் மருமகளும் எங்கள் கண்முன்னே இரண்டு வேளை உணவு கொடுத்துப் பழகினார்கள். ஒரு வேளைக்கு 50 மி.லி., நாளுக்கு ஐந்து வேளை. உணவை உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, கால் மணி நேரத்துக்குக் குறையாமல் மெதுவாகச் செலுத்த வேண்டும். முன்னும் பின்னும் சிறிது வெறும் நீரைச் செலுத்தி டியூப்பைக் கழுவ வேண்டும். நாள்தோறும் துளையைச் சுற்றிப் பார்த்துக் கட்டை மாற்ற வேண்டும். கோழி இறைச்சி கலந்த உணவு சமையலறைக்குள் வருவது பாட்டிக்குச் சங்கடம். அதை அவர் சொல்லாமலேயே பேத்தி ஒரு வழி செய்திருந்தாள்: துணி துவைக்கும் பால்கனியில் சிறு மேசை, தனி மிக்ஸி ஜார், தனி வடிகட்டி, திறந்த டின்னை வைக்கச் சிறிய ஐஸ் பெட்டி. சிகிச்சைத் திட்டம் ஒரு வீட்டின் வழக்கங்களோடு ஒத்துப்போகாவிட்டால் எவ்வளவு சரியான திட்டமும் நாலைந்து நாளில் நின்றுபோகும். இந்த வீட்டில் அது நிற்கவில்லை.

வீடு திரும்பிய மூன்றாம் நாள் வாந்தி என்று தொலைபேசி வந்தது. நோய் திரும்பிவிட்டதோ என்று அஞ்சி உடனே வரச்சொன்னோம். பரிசோதனையில் புதிதாக ஒன்றுமில்லை. விசாரித்ததில், பேத்தி பள்ளிக்குக் கிளம்பும் முன் கொடுத்துவிட்டுப் போன வேளையை அறியாமல் மருமகளும் மீண்டும் கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு அட்டவணை ஒட்டப்பட்டது. கொடுத்தவர் நேரம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இரண்டாம் வாரத்தில் சரியாகப் பொடிக்காத மாத்திரை ஒன்று டியூப்பை அடைத்துக்கொண்டது. வெந்நீரைச் சிரிஞ்சால் மெல்ல முன்னும் பின்னும் செலுத்தி விடுவித்தோம்.

இதற்கிடையே புது வீட்டில் பூனைக்கு ஓர் அறையை மட்டும் ஒதுக்கினார்கள். மூடியில்லாத மணல் தட்டு, பழைய வீட்டிலிருந்து துவைக்காமல் வந்த போர்வை, ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப் பெட்டி, உயரத்தில் ஏறி உட்கார ஓர் அலமாரித் தட்டு. தினமும் கிண்ணத்தில் ஒரு பிடி உணவு வைத்து, சீண்டாவிட்டால் கால் மணி நேரத்தில் எடுத்துவிடச் சொல்லியிருந்தோம். மூன்றாம் வாரம் வரை முகர்ந்துவிட்டு விலகிச் சென்றது. பிரிக்காமல் கிடந்த சாமான் பெட்டி ஒன்றிலிருந்து பழைய எவர்சில்வர் கிண்ணம் கிடைக்க, மகன் பழைய பகுதிக்குச் சென்று முன்பு வாங்கிய அதே தீவனத்தையும் வாங்கி வந்தார். அதில் அன்று மாலை ஏழெட்டு உருண்டைகளைத் தின்றது. கிண்ணமா, தீவனமா, குமட்டல் தீர்ந்ததா, எது காரணம் என்று பிரித்துச் சொல்ல இயலாது. பெரும்பாலும் மூன்றும் சேர்ந்தே இருக்கும்.

முடிவு

தானாக உண்ணும் அளவு கூடக்கூட டியூப் வழி உணவைக் குறைத்தோம். ஒரு வாரம் முழுவதும் டியூப் உதவியின்றி உண்டும் எடை குறையாமல் நின்ற பிறகே டியூப்பை எடுத்தோம்; அப்போது அது பொருத்தி ஐந்து வாரங்களுக்கு மேல் ஆகியிருந்தது. துளை தையலின்றித் தானாக மூடிக்கொண்டது. பிலிருபினும் நொதிகளும் இயல்புக்கு வந்திருந்தன. இரண்டாம் மாத இறுதியில் எடை 5.6 கிலோ, தொடைத் தசை திரும்பிக்கொண்டிருந்தது. இந்த நோயிலிருந்து முழுமையாக மீண்ட பூனைக்கு அது மீண்டும் வருவது அரிது.

எடைக் குறைப்பைப் பற்றி இப்போது குடும்பமே கேட்கிறது. கிண்ணம் நிறையக் கொட்டி வைப்பதை நிறுத்தி, டிஜிட்டல் தராசில் நிறுத்து நான்கு வேளையாகக் கொடுக்கிறார்கள். வாரத்துக்கு உடல் எடையில் ஒரு விழுக்காட்டுக்கு மேல் குறைய விடக் கூடாது என்பதே எங்கள் வரம்பு. பூனையைப் பட்டினி போட்டு இளைக்கவைக்க எவரும் முயலக் கூடாது. இந்த நோய்க்கு அதுவும் ஒரு வாயில்.

மாற்றிக்கொண்டவை

முதலாவது, தொலைபேசி. பூனை சாப்பிடவில்லை என்று அழைப்பவரிடம் எங்கள் வரவேற்பறைப் பணியாளர் இப்போது கேட்கும் முதல் கேள்வி, கடைசியாக அது உண்டதை நீங்கள் கண்ணால் பார்த்தது எப்போது என்பதே. கிண்ணம் காலியாவதை வைத்துச் சொல்லப்படும் பதிலை ஏற்பதில்லை. எறும்பும், வீட்டிலுள்ள மற்றொரு பூனையும், ஜன்னல் வழியாக வரும் அணிலும்கூடக் கிண்ணத்தைக் காலி செய்யும். வளர்ந்த பூனை ஒரு நாள் முழுவதும் எதையும் உண்ணாவிட்டால் அன்றே பார்க்கிறோம். பருத்த பூனைக்கு முன்னுரிமை. குட்டிகளுக்கு இந்த அவகாசமும் கிடையாது.

அடுத்து, இத்தகைய பூனைகளில் உணவு தொடங்கிய முதல் மூன்று நாட்களுக்குப் பாஸ்பரஸைக் காலையும் மாலையும் பார்ப்பது என்று எழுதிவைத்திருக்கிறோம். இந்தப் பூனையில் அளவை உயர்த்தும் முன் பார்த்ததால் இறக்கம் தெரிந்தது. அந்த முன்பரிசோதனையை எந்தப் பணியாளர் இருக்கும் நேரத்திலும் தவறாதபடி வழக்கமாக்க வேண்டியிருந்தது. வீட்டு உணவு அட்டவணையும் இப்போது டியூப்போடு சேர்த்தே தரப்படுகிறது.

மூன்றாவதை நாங்கள் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறோம். தடுப்பூசிக்கு வரும் ஒவ்வொரு குடும்பத்திடமும், வரும் மாதங்களில் வீடு மாறுவதோ, பெயின்ட் அடிப்பதோ, நெடும் பயணமோ, வீட்டில் கல்யாணமோ இருக்கிறதா என்று கேட்கிறோம். இருந்தால் ஒரு பக்கத் தாள் தருகிறோம். புது வீட்டில் முதலில் ஓர் அறையை மட்டும் பூனைக்குத் தயார் செய்து, பழைய போர்வையும் பழைய கிண்ணமும் பழைய மணலில் ஒரு பிடியும் அங்கே வைக்க வேண்டும். சாமான் வண்டி போன பின்னரே பூனையை அழைத்துச் செல்ல வேண்டும். ஒரு மாதத்துக்கான அதே தீவனத்தை முன்பே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு வாரங்களுக்குக் காலையில் எடைபோட்டு வைத்த தீவனத்தில் இரவில் மீதியிருப்பதை மீண்டும் எடைபோட்டு எழுதிவர வேண்டும் என்பவை அதில் உள்ளன. ஒளிந்துகொண்ட பூனையை இழுத்து வெளியே எடுக்க வேண்டாம், உணவையும் நீரையும் ஒளிந்திருக்கும் இடத்துக்கு அருகில் வையுங்கள் என்றும் எழுதியிருக்கிறோம். தாளின் அடியில், பூனை பட்டினியாக ஓர் இரவும் பகலும் கழிந்தால் அழைக்க வேண்டிய எண் பெரிய எழுத்தில் இருக்கிறது.